படகிலும் ஓர் அடுப்பங்கரை

"ரெகுலேட்டரை மூடிட்டியா?"

இரவு படுக்கப் போகுமுன் என் அம்மா தவறாமல் கேட்கும் கேள்வி இது. உங்கள் இல்லங்களிலும் இக்கேள்வி ஒலித்த பின்னரே விளக்கு அணையும் என நம்புகிறேன். இந்தியன் ஆயில் நிறுவனம் 'இண்டேன்' என்னும் பெயரில் சமையல் வாயுவை 1965ஆம் ஆண்டு கல்கத்தாவில் வழங்கத் தொடங்கியது. இன்று அது இல்லாத அடுக்களையைக் காண்பது அரிது. அதனோடு பழகும் முறையையும் நம் தாய்மார் நன்கு கற்றுக்கொண்டு விட்டனர்.

ஆனால் கல்மண்டபத்தைச் சுற்றியுள்ள எங்களைப் போன்ற குடும்பங்கள் பலவற்றுக்கு இன்னோர் அடுப்பங்கரையும் உண்டு. அது காசிமேடு துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் விசைப்படகில் இருக்கிறது. தங்கலுக்குப் போகும் படகு கரை திரும்ப ஒரு வாரமும் ஆகும், பத்து நாளும் ஆகும். அத்தனை நாளும் அதிலுள்ள எட்டுப் பத்துப் பேருக்குச் சோறும் குழம்பும் அங்கேதான் வேக வேண்டும். முன்பு விறகும் மண்ணெண்ணெயும் எரிந்த இடத்தில் இப்போது சிலிண்டர் நிற்கிறது. வீட்டுச் சிலிண்டரைக் கவனிக்க அம்மா இருக்கிறார். படகுச் சிலிண்டரை யார் கவனிக்கிறார்கள்? இக்கேள்வியே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

மாமா சொன்ன நிகழ்ச்சி

என் தாய்மாமா ஒரு விசைப்படகின் டிரைவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்தில் ஒரு விடியற்காலை. இரவெல்லாம் அலை அதிகம். படகு நன்றாக ஆடியிருக்கிறது. இளைஞர் ஒருவர் எஞ்சினைக் கிளப்புவதற்காக எஞ்சின் அறையின் மூடியைத் திறந்து உள்ளே இறங்கினார். பின்னால் நின்ற மாமாவின் மூக்கில் கெட்டுப்போன முட்டைக்கோசு போன்ற ஒரு நாற்றம் இலேசாகப் பட்டது.

"சுவிட்சைத் தொடாதே! மேலே ஏறு!" என்று மாமா போட்ட கூச்சலில் படகே விழித்துக்கொண்டது.

பார்த்தால், சமையல் செய்யும் மூலையில் கட்டாமல் வைத்திருந்த சிலிண்டர் இரவு ஆட்டத்தில் சாய்ந்து விழுந்திருக்கிறது. ரெகுலேட்டர் மூடப்படவில்லை. ரப்பர் குழாய் அடுப்பின் முனையிலிருந்து பாதி கழன்றிருந்தது. எல்லாவற்றையும் மூடி, வாயு முழுவதும் போகும்வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, அதன் பிறகே எஞ்சினைக் கிளப்பினார்கள். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

"சாமி காப்பாத்திச்சு" என்று மாமா சொன்னார். எனக்கோ ஓர் ஐயம். சிலிண்டர் இருந்ததோ மேல்தளத்தில். நாற்றம் அடித்ததோ கீழே எஞ்சின் அறையில். மேலே கடற்காற்று வீசிக்கொண்டிருக்க, வாயு ஏன் காற்றோடு போகவில்லை? யாரும் அழைக்காமல் அது ஏன் கீழே இறங்கிப் போயிற்று?

வகுப்பறையில் கிடைத்த விடை

விடை ஒன்பதாம் வகுப்பின் அறிவியல் கூடத்தில் கிடைத்தது. எங்கள் ஆசிரியை ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் படிக்கட்டுப்போல் மூன்று மெழுகுவத்திகளை வெவ்வேறு உயரத்தில் ஏற்றி வைத்தார். ஒரு கூஜாவில் சமையல் சோடாவும் வினிகரும் கலந்து நுரைக்க விட்டார். பிறகு கூஜாவை மெல்லச் சாய்த்தார். ஒரு துளி நீரும் விழவில்லை. ஆயினும் கீழ்ப்படியில் இருந்த மெழுகுவத்தி அணைந்தது. அடுத்து நடுவில் இருந்தது. கடைசியாக மேலே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கார்பன் டைஆக்சைடு நீரைப்போல் ஊற்றப்பட்டு, அடியிலிருந்து மேலாக நிரம்பியது!

காரணம் எடைதான். காற்றின் சராசரி மூலக்கூறு எடை ஏறத்தாழ 29. கார்பன் டைஆக்சைடின் எடை 44. ஆகவே அது காற்றுக்கு அடியில் போய்ப் படிகிறது. சமையல் வாயு என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. கரும்பலகையில் நானே கணக்கிட்டுப் பார்த்தேன். புரொப்பேனின் எடையும் அதே 44! பியூட்டேனின் எடையோ 58. காற்றைப்போல் இரு மடங்கு. அன்று கூஜாவிலிருந்து வழிந்தது எப்படி நடந்துகொண்டதோ, அப்படியேதான் மாமாவின் படகில் கசிந்த வாயுவும் நடந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் வாயு கசிந்தால் தரையோடு தவழ்ந்து, கதவுக்கு அடியிலும் வாசற்படியிலும் வெளியேற வழி உண்டு. படகுக்கு வாசற்படி ஏது? படகு என்பது ஒரு பெரிய கிண்ணம். வெளியிலுள்ள தண்ணீர் உள்ளே வராமல் இருக்கவே அது கிண்ணமாகக் கட்டப்பட்டது. அதே காரணத்தால் உள்ளே இறங்கிய வாயுவும் வெளியே போக முடியாது. அந்தக் கிண்ணத்தின் அடியில் எஞ்சின் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, செல்ப் ஸ்டார்ட்டர் இருக்கிறது, சேர்ந்த நீரை இறைக்கும் மின்மோட்டாரும் இருக்கலாம். இவற்றில் எதை இயக்கினாலும் ஒரு சிறு பொறி எழக்கூடும். அப்பொறி ஒன்று போதும்.

எவ்வளவு வாயு ஆபத்து?

காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு சமையல் வாயு கலந்தாலே அக்கலவை தீப்பற்றும். பத்தடி நீளம், பத்தடி அகலம், ஆறடி உயரமுள்ள ஓர் எஞ்சின் அறையை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 600 கன அடி. அதாவது சுமார் 17 கன மீட்டர். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்பது மூன்றில் ஒரு கன மீட்டர். ஒரு கிலோ சமையல் வாயு ஆவியானால் ஏறத்தாழ அரைக் கன மீட்டர் ஆகிறது. ஆகவே அந்த அறை முழுவதையும் வெடிக்கும் கலவையாக்க முக்கால் கிலோ வாயு போதும். ஹோட்டல்களுக்கு வரும் பெரிய சிலிண்டரில் இருப்பதோ 19 கிலோ!

சிலிண்டருக்குள் இருக்கும்போது இது அழுத்தத்தால் திரவமாகக் கிடக்கிறது. வெளியே வந்தால் ஏறத்தாழ 250 மடங்கு விரிகிறது. இயற்கையில் இதற்கு மணமே கிடையாது. கசிவை நாம் அறிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் படகிலோ டீசல் நாற்றமும் மீன் நாற்றமும் முந்திக்கொள்கின்றன. உறங்குபவருக்கு எந்த நாற்றமும் தெரியாது. எனவே மூக்கை மட்டும் நம்பிக் கடலில் இருக்க இயலாது. வைக்கும் இடத்தையே சரியாக அமைத்துக்கொள்ள வேண்டும்.

சிலிண்டருக்கு ஏற்ற இடம்

இதற்கு ஒரே ஒரு விதியை நினைவில் கொண்டால் போதும். சமையல் வாயுவைத் தண்ணீராக எண்ணிக்கொள்ளுங்கள். சிலிண்டருக்குப் பதிலாக அவ்விடத்தில் ஓட்டைக் குடம் ஒன்று இருந்தால், அதிலிருந்து ஒழுகும் நீர் எங்கே போகும்? கடலுக்குள் போகுமானால் அது நல்ல இடம். படகுக்குள் போகுமானால் அது கெட்ட இடம்.

விசைப்படகின் மேல்தளத்தில் அலைநீர் வழிந்தோட ஓரங்களில் துவாரங்கள் வைத்திருப்பார்கள். நீர் போகும் வழியே வாயுவும் போகும். ஆகவே சிலிண்டரை மேல்தளத்தில், எஞ்சின் அறை மூடிக்கும் மீன் அறை மூடிக்கும் எட்டத்தில், படகின் விளிம்பை ஒட்டி ஒரு பெட்டிக்குள் வைப்பது சிறந்தது. அப்பெட்டி மேற்புறம் திறப்பதாக இருக்க வேண்டும். படகின் உட்பக்கம் ஒரு சந்தும் இருக்கக் கூடாது. அடிமட்டத்தில் கடற்பக்கமாகத் துவாரம் வேண்டும்.

சிறு படகுகளின் சமையல் வாயு அமைப்புக்கென்றே ஐ.எஸ்.ஓ. 10239 என்னும் பன்னாட்டுத் தரநெறி ஒன்று உண்டு. பெட்டியின் அடித்துவாரம் 19 மில்லிமீட்டருக்கு, அதாவது முக்கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பதும், அது வெளியே திறக்கும் இடம் படகுக்குள் செல்லும் எந்தத் திறப்பிலிருந்தும் அரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பதும் அதன் கருத்து. அது பெரும்பாலும் உல்லாசப் படகுகளுக்காக எழுதப்பட்டது. ஆனால் வாயுவுக்கு உல்லாசப் படகு என்றும் மீன்பிடிப் படகு என்றும் வேற்றுமை தெரியாதல்லவா?

இடம் அமைந்த பிறகு கவனிக்க வேண்டியவை இவை:

1. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு எரிவாயு உருளை விதிகளும் இதையே வற்புறுத்துகின்றன. நிமிர்ந்து நின்றால் வாய்ப்பக்கம் ஆவி மட்டும் வரும். படுத்துக் கிடந்தால் திரவமே வெளிவரும்; அடுப்புச் சுடர் ஆளுயரம் எழும்.

2. கயிற்றாலோ பட்டையாலோ இடுப்பிலும் தோளிலும் இரண்டு கட்டுப் போட வேண்டும். நிறைந்த சிலிண்டரைத் தூக்கவே ஆள் திணறுவார். ஆடும் படகில் அது உருண்டால் தடுப்பார் இல்லை.

3. மாற்றுச் சிலிண்டரும் காலிச் சிலிண்டரும் அதே பெட்டியில்தான் இருக்க வேண்டும். 'காலி' என்று நாம் சொல்வதில் கொஞ்சம் வாயு எஞ்சியே இருக்கும். பயன்படுத்தாத சிலிண்டரின் வாயில் பாதுகாப்பு மூடியைப் போட்டுவைக்க வேண்டும்.

4. எஞ்சின் புகைக்குழாயின் சூடும் நேரடி வெயிலும் படக்கூடாது. சூடேறச் சூடேற உள்ளே அழுத்தம் ஏறும்.

5. உப்புநீர் இரும்பின் பகைவன். சிலிண்டரின் அடிவளையம் நீரில் நிற்காதபடி கீழே மரச்சட்டங்கள் வைக்க வேண்டும். துருவேறி உரிந்த சிலிண்டரைக் கடலுக்கு ஏற்றாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

6. சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் தகட்டில் ஏ, பி, சி, டி என்னும் ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் இரண்டு எண்களும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். 'சி 29' என்றிருந்தால் 2029 செப்டம்பருக்குள் அதை மறுசோதனை செய்ய வேண்டும் என்று பொருள். நாள் கடந்ததை ஏற்கக் கூடாது.

7. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ரப்பர் குழாயையே பயன்படுத்த வேண்டும். கரையிலேயே ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். உப்புக்காற்றில் அதற்கு முன்பே வெடிப்பு விடலாம். ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் வளைத்துப் பார்ப்பது நன்று. கசிவு இருக்கிறதா என்று அறியச் சோப்பு நுரையைப் பூச வேண்டும். தீக்குச்சியைக் கிழித்துப் பார்ப்பது அறிவீனம்.

8. சமைத்து முடித்ததும் அடுப்பின் திருகை மட்டுமன்றி ரெகுலேட்டரையும் மூட வேண்டும். மாமாவின் படகில் இந்த ஒன்றைச் செய்திருந்தால், சிலிண்டர் சாய்ந்தும் ஒன்றும் நேர்ந்திராது.

இன்னொன்று. வீட்டுக்கென்று தரப்படும் சிவப்புச் சிலிண்டர் வீட்டுக்கு மட்டுமே உரியது. அதைத் தொழிலுக்குக் கொண்டுபோவது சட்டப்படி தவறு. கடைகளில் கிடைக்கும் 5 கிலோ சிறிய சிலிண்டரைத் தூக்குவதும் கட்டுவதும் எளிது.

நாற்றம் வந்துவிட்டால்?

முதலில் எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது. விளக்கைப் போடவும் கூடாது, எரியும் விளக்கை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு. பீடி, சிகரெட், தீக்குச்சி ஆகவே ஆகாது. ரெகுலேட்டரை மூடிவிட்டு எல்லாரும் மேல்தளத்துக்கு வந்து, காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும். அறை மூடிகள் அனைத்தையும் திறந்து வைக்க வேண்டும். எஞ்சின் அறைக்குள் யாரும் இறங்கக் கூடாது. அடியில் தேங்கிய வாயு மூச்சையும் முட்ட வைக்கும். மின்மோட்டாரை ஓட்டாமல், கையால் இயக்கும் பம்பு இருந்தால் மேலிருந்தபடியே அடியிலுள்ளதை இறைக்கலாம். தண்ணீரைப்போல் இறங்கியதைத் தண்ணீரைப்போலவே இறைக்க வேண்டியிருக்கிறது! நாற்றம் முழுதும் போய், அதற்கு மேலும் நெடுநேரம் காற்றாட விட்ட பிறகே எஞ்சினைக் கிளப்பலாம். படகில் உலர்பொடித் தீயணைப்பான் ஒன்று சமையலிடத்துக்கு எட்டாமலும் கைக்கு எட்டியும் இருப்பது அவசியம்.

கரையில் வாயுக் கசிவுக்கு 1906 என்ற எண்ணையும், கடலில் உதவி தேவைப்பட்டால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணையும் அழைக்கலாம். இவ்விரண்டையும் படகில் பெயிண்டால் எழுதி வைக்கலாமே!

ஒரு படகின் கவலை மட்டுமா?

2023ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் இரவு, விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகில் பற்றிய தீ அடுத்தடுத்த படகுகளுக்குத் தாவி, ஏறக்குறைய 40 படகுகளைப் பாழாக்கியது. படகுகளில் இருந்த டீசலும் எரிவாயுச் சிலிண்டர்களும் அத்தீயை வளர்த்ததாகச் செய்தித்தாள்களில் படித்தோம். காசிமேட்டுக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். அங்கும் படகுகள் ஒன்றோடொன்று உரசியபடிதான் நிற்கின்றன. ஒரு படகிலிருந்து அடுத்த படகுக்குக் கால் வைத்தே கடந்துவிடலாம். கால் கடக்கும் வழியைத் தீயும் கடக்கும்.

அப்பாவும் அண்டாவும்

இவற்றையெல்லாம் என் அப்பாவிடம் சொன்னேன். அவரும் ஒரு விசைப்படகில் தொழில் செய்பவர். அவர் சிரித்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா கடல்ல இருக்கேன். எனக்கு நீ பாடம் எடுக்கிறியாம்மா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாதான், "அந்தப் புள்ள என்னதான் சொல்லுதுன்னு பாருங்களேன்" என்றார். வீட்டிலிருந்த பெரிய அண்டாவை எடுத்தேன். அதன் அடியில் ஒரு மெழுகுவத்தி. விளிம்புக்கு அருகே ஸ்டூலின் மேல் இன்னொன்று. ஆசிரியை செய்தது போலவே சோடாவையும் வினிகரையும் கலந்து, கூஜாவை அண்டாவுக்குள் மெல்லச் சாய்த்தேன். விளிம்பருகே இருந்த சுடர் அசையாமல் எரிந்தது. அண்டாவுக்குள் இருந்தது மட்டும் பட்டென்று அணைந்தது.

"இது தீயை அணைக்கிற வாயு. சமையல் வாயுவும் இதே எடைதான். ஆனா அது தீயைப் பத்த வைக்கும் அப்பா" என்றேன்.

அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம போட்டு அண்டாவோட அடியில எஞ்சின்ல இருக்கு?" என்றார். அதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

அப்பாவின் படகில் சிலிண்டர் நின்றது எஞ்சின் அறை மூடிக்கு இரண்டடி தள்ளி. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் அல்லவா? படகுகளைப் பழுது பார்க்கும் காலமும் அதுவே. சென்ற தடைக்காலத்தில் அப்பா உரிமையாளரிடம் பேசினார். வலைக்கும் எஞ்சினுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. தச்சர் ஒருவர் ஒரே நாளில் விளிம்போரமாகப் பலகைப் பெட்டி அடித்து, கடற்பக்கம் இரண்டு துவாரங்கள் போட்டுவிட்டார். பெட்டியைப் பார்க்க அப்பா என்னையும் அழைத்துச் சென்றார். ஒரு வாளி நீரைப் பெட்டிக்குள் ஊற்றச் சொன்னேன். நீர் துவாரங்கள் வழியே நேரே கடலில் விழுந்தது. ஒரு சொட்டும் படகுக்குள் வரவில்லை.

தடை முடிந்து படகு புறப்பட்ட இரவு, அம்மா வழக்கம்போல் பயணத்துக்கான சாமான்களைக் கட்டிக் கொடுத்தார். வாசலில் நின்று வழியனுப்பும்போது, "ராத்திரி ரெகுலேட்டரை மூடச் சொல்லுங்க" என்றார். இத்தனை ஆண்டுகளில் கடலுக்குப் போகும் அப்பாவிடம் அம்மா அதைச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.

அன்புத் தோழியரே! நம்மில் பலருடைய தந்தையரும் அண்ணன்மாரும் மாமன்மாரும் கடலை நம்பி வாழ்பவர்கள். புயலையும் சுழலையும் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் ஒரு சிலிண்டரை நிமிர்த்திக் கட்டவும், அதன் பெட்டிக்கு இரண்டு துவாரம் போடவும் நம் வீட்டாரால் இயலும். அடுத்த முறை அவர்கள் புறப்படும்போது, 'சிலிண்டர் எங்கே நிற்கிறது? அங்கே தண்ணீர் ஊற்றினால் எங்கே போகும்?' என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை. கற்ற அறிவியல் கரையோடு நின்றுவிடாமல் கடலுக்கும் சென்று பயன் தருமாக!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி,
கல்மண்டபம்